ஒரு பொய்ச் சீட்டும் சொற்கலைச் சான்றிதழும்

என் தாடையை உடைத்தது எங்கள் அவசரப் பிரிவின் சலைன் ஸ்டாண்டுதான். முப்பத்திரண்டு ஆண்டுகளாக நானே தள்ளிக்கொண்டு திரிந்த இரும்பு. அது என் இடது கன்னத்தில் விழுந்தபோது வலி தெரியவில்லை. விறகு பிளக்கிற ஓசை ஒன்று என் தலைக்குள்ளேயே கேட்டது. வாய் நிறைய உப்பும் சிறு கற்களும் இருந்தன. அவை கற்களல்ல, என் பற்கள் என்பது தரையில் துப்பிய பிறகே விளங்கிற்று.

சபையாரே, சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் தாங்கள் பட்ட அடியிலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அப்படியே தொடங்கிவிட்டேன். ஆனால் இந்தக் கதையில் முதல் அடியை அடித்தவள் நான். அதைச் சொல்லாமல் ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல முடியாது.

என் தகப்பனார் உபதேசியார். மைசூரில் எங்கள் வீட்டில் விளக்கேற்றியதும் பாடம் ஒப்பிக்க வேண்டும். பள்ளிப் பாடமல்ல, நம் பழைய பக்திப் புலவர்கள் ஆண்டவரின் பாடுகளைப் பாடிய விருத்தங்கள், வெண்பாக்கள், பதிகங்கள். எட்டு வயதில் நூறு விருத்தம் சீர் பிறழாமல் சொல்வேன். கன்னடம் பேசும் ஊரில் வளர்ந்தாலும் என் நாவில் தமிழ் அப்படித்தான் ஏறியது. அது ஆண்டவரின் கொடை. அதை என் கொடையென்று எண்ணியது என் குற்றம்.

நான் செவிலியர். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நகரத்தின் தனியார் மருத்துவமனைகளுள் ஒன்று. ஐம்பத்தேழு வயதில் உதவிக் கண்காணிப்பாளராக இருந்தேன். கண்காணிப்பாளர் பதவி காலியாகப் போகிறது, ஆனால் புதிய விதிப்படி ஒரு மேற்படிப்புச் சான்றிதழ் தேவை என்றார்கள். சொற்கலையும் தலைமைத்துவமும் என்று ஓராண்டுப் படிப்பு, சனி ஞாயிறுகளில் வகுப்பு. கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. பேசுவதற்கு எனக்கு ஒரு சான்றிதழா?

என் கணவர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னார்: “போ ராஜம். உன் பேச்சைக் கேக்கறதுக்கு காசு வாங்காத ஆளு நான் ஒருத்தன்தான் இருந்தேன். இனிமே காசு வாங்கிக்கிட்டு கேக்கட்டும்.”

வகுப்பில் பதினொரு பேர். ஒரு வங்கி மேலாளர், சாமராஜநகரிலிருந்து பேருந்தில் வரும் ஒரு பஞ்சாயத்து உறுப்பினர், ஒரு கபடிப் பயிற்சியாளர், இப்படி. பேராசிரியை சந்திரகலா கன்னடக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். சொற்கலை நடத்துகிறவர் இவ்வளவு குறைவாகப் பேசுகிறாரே என்று நான் உள்ளூர ஏளனம் செய்ததுண்டு.

இரண்டாம் மாதம் ஒரு பயிற்சி வைத்தார். ‘நான் கையாண்ட ஒரு கூட்டம்’ என்று ஒவ்வொருவரும் பேச வேண்டும். என் முறை வந்தபோது, அவசரப் பிரிவில் நாங்கள் காலங்காலமாகச் செய்துவரும் ஒரு வழக்கத்தைச் சொன்னேன்.

விபத்தில் சிக்கியவரைத் தூக்கிக்கொண்டு இருபது முப்பது பேர் வந்துவிடுவார்கள். உயிர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரணத்தை மருத்துவர்தான் அறிவிக்க வேண்டும்; செவிலியர் அந்தச் சொல்லை உச்சரிக்கக் கூடாது. மருத்துவரோ அறுவை அரங்கில் இருப்பார். வாசலில் காவலர் இருக்கமாட்டார். அப்போது உறவினர் கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்போம். இந்த மருந்து வாங்கி வாருங்கள், இந்த இரத்தம் ஏற்பாடு செய்யுங்கள் என்று. அவர்கள் ஓடுவார்கள். கூட்டம் கலையும். அதற்குள் மருத்துவரும் காவலரும் வந்துவிடுவார்கள். கிடைப்பதற்கு அரிதான இரத்தப் பிரிவாக எழுதினால் இன்னும் நேரம் கிடைக்கும்.

இதை நான் வெறுமனே சொல்லவில்லை. அலங்கரித்துச் சொன்னேன். “சினம் என்பது காலுக்கு வேலையில்லாதபோது கைக்கு வருவது. ஆகவே காலுக்கு வேலை கொடுங்கள்” என்று முடித்தேன். பத்துப் பேரும் கை தட்டினார்கள். கபடிப் பயிற்சியாளர் மேசையையே தட்டினார்.

பேராசிரியை கை தட்டவில்லை. “வாபஸ் பந்த மேலே?” என்று கேட்டார்.

திரும்பி வந்த பிறகு?

“அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், மேடம்” என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

அதற்கு மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் ஒருவர் தம் மகனைக் கைகளில் ஏந்திக்கொண்டு வந்தார். அவர் பெயர் மாதையன். மகன் பிரபுவுக்கு இருபத்திரண்டு வயது. கொள்ளேகால் சாலையில் பைக், கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்புறத்தில் மோதியிருந்தது. கூடவே ஊர் ஆட்கள் ஒரு வேன் நிறைய. பிள்ளையின் மார்பு உள்ளே போயிருந்தது. நாங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். இருபது நிமிடத்தில் மானிட்டரின் கோடு நேராகிவிட்டது. பணியிலிருந்த இளம் மருத்துவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “பெரிய டாக்டர் வந்துதான் சொல்லணும். அதுவரைக்கும் பாத்துக்கங்க, சிஸ்டர்” என்று உள்ளே போய்விட்டார்.

திரைக்கு வெளியே கூச்சல். ஒருவன் கதவை உதைத்துக்கொண்டிருந்தான்.

நான் சீட்டை எடுத்தேன். ஓ நெகட்டிவ், இரண்டு பை. கிடைப்பதற்கு அரிது என்பதாலேயே அதை எழுதினேன். முன்பே எடுத்து வைத்த இரத்த மாதிரிக் குழாயோடு சேர்த்து மாதையன் கையில் கொடுத்தேன். மற்றவர்களுக்கு மருந்துச் சீட்டுகள்.

“ஏனுங் அம்மணி, இத கொண்டாந்தா பையன் பொழச்சுக்குவானுங்களா?”

“சீக்கிரம் கொண்டு வாங்க” என்றேன். பொய்யில் கூட நேரடியான பொய் சொல்லாத சாமர்த்தியம் எனக்கு இருந்தது.

அவர் ஓடினார். மூன்று இரத்த வங்கிகளில் இல்லை என்றார்களாம். மண்டி மொஹல்லாவில் வெங்காய மண்டி வைத்திருந்த முன்பின் தெரியாத ஒருவர், தம்முடைய பிரிவைத்தான் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடையை அப்படியே விட்டு வந்து இரத்தம் கொடுத்தாராம். இவையெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தவை. அந்த நேரத்தில் நான் பிள்ளையின் மூக்கில் பஞ்சு வைத்து, கால் பெருவிரல்களைக் கட்டி, பக்கத்து அறையில் கிடத்திப் போர்வையால் மூடிக்கொண்டிருந்தேன்.

பெரிய மருத்துவர் வரவில்லை. காவலர்கள் வரவில்லை. மாதையன் வந்துவிட்டார்.

இளம் செவிலி ஷைலா ஓடி வந்தாள். “மேடம், அந்தாளு வந்துட்டாரு மேடம். ரத்தப் பைய சட்டைக்குள்ள வெச்சு கட்டிப் புடிச்சுக்கிட்டு வர்றாரு. நான் என்ன சொல்லட்டும்?”

அதற்குள் மாதையன் உள்ளே வந்துவிட்டார். அவர் காலியான கட்டிலைப் பார்த்தார். பக்கத்து அறைக் கதவைத் தள்ளினார். போர்வையை நீக்கினார். மகனின் கையைப் பிடித்தவர், சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போல் உடனே விட்டுவிட்டார். அது சூடாக இல்லாததால் விட்டார் என்பதை நான் அறிவேன்.

பையை எடுத்துத் தரையில் அடித்தார். உடையவில்லை. மறுபடி அடித்தார். பிறகு குதிகாலால் மிதித்தார். அது பிய்ந்து என் வெள்ளைச் சேலையின் முழங்கால் வரை தெறித்தது. அந்த வெங்காய வியாபாரியின் இரத்தம். பின்னாலேயே ஊர் ஆட்கள் நுழைந்தார்கள். மருந்துத் தள்ளுவண்டி கவிழ்ந்தது. மானிட்டரைப் பிடுங்கி எறிந்தார்கள். கண்ணாடித் தடுப்பு நொறுங்கி ஷைலாவின் முழங்கையைக் கீறியது. காவலாளியின் தலையில் நாற்காலி விழுந்தது. “எம்பையன பொணமாக்கிட்டு என்னைய எதுக்குடி ஓட உட்டே?” என்ற குரல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்புறந்தான் மாதையன் கையில் அந்த ஸ்டாண்டு.

ஆறு வாரங்கள் என் தாடையைக் கம்பியால் கட்டிப் பூட்டினார்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்த்துத் தைத்ததுபோல். ராகிக் கஞ்சியை ஸ்ட்ராவால் உறிஞ்ச வேண்டும். வாந்தி வந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போவேன் என்பதால், கம்பியை வெட்டும் சிறு கொறடு ஒன்றை எந்நேரமும் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். சிலுவைப் பதக்கம் தொங்கிய இடத்தில் கொறடு தொங்கிற்று.

“முப்பத்தஞ்சு வருஷத்துல இந்த வீட்ல இப்பத்தான் நான் ஒரு வாக்கியத்த முழுசா முடிக்கறேன்” என்று என் கணவர் சிரிக்க வைக்கப் பார்த்தார். சிரித்தால் வலித்தது. அவரும் பிறகு சமையலறையில் போய் அழுதார்.

நான் என்ன ஜெபித்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். “ஆண்டவரே, அந்த மனிதனின் கையை முறித்துப் போடும். சிறைக் கொட்டடியிலேயே அவன் அழுகட்டும்” என்று ஜெபித்தேன். பகைவனின் பல்லை நொறுக்கும்படி கேட்ட பக்தர்களின் பாட்டும் எனக்கு மனப்பாடந்தானே! அவற்றையெல்லாம் பொறுக்கி எடுத்துச் சுவரை நோக்கி உள்ளுக்குள் ஓதினேன். கண்ணை மூடினால் அந்த ஸ்டாண்டு என் கையில் இருக்கும். அவர் தலை எதிரே இருக்கும். ஒரு நாள் ஆண்டவரைத் தாயாக அழைத்து ஒரு குறள் வெண்பாவும் கட்டினேன்.

வாயை அடைத்தாய் வழியும் அடைத்தாயோ
தாயே எனவழைத்தேன் தாங்கு.

தளை தட்டவில்லை. எதுகை பொருந்தியது. எழுதிய தாளைத் திரும்பத் திரும்பப் படித்து மகிழ்ந்தேன். தாங்கு என்று அழைத்தவள் தன் நெஞ்சில் ஒரு தகப்பனைக் கொன்றுகொண்டிருந்தாள் என்பதை அந்த யாப்பு காட்டிக்கொடுக்கவில்லை.

மருத்துவமனை மேலாளர் பழக்கூடையோடு வந்தார். “நீங்க எழுதறதுதான் கேஸ், மேடம். சீட்டு கொடுக்கறப்போ பேஷண்ட் இருந்தாரு. அவ்வளவுதான். பெரிய டாக்டர் டிக்ளேர் பண்ணினது அப்புறம்தானே?” என்றார். அது தாளின்படி உண்மை. பெரிய மருத்துவர் வந்து மரணத்தை அறிவித்தது கலவரம் ஓய்ந்த பிறகுதான்.

வாய் பூட்டியிருந்ததால் காவல் ஆய்வாளர் என்னிடம் எழுதி வாங்கினார். நான் அழகான கையெழுத்தில் எழுதினேன்: ‘இரத்தம் கேட்டபோது நோயாளி உயிருடன் இருந்தார்.’

ஆய்வாளர் மடித்து வைத்துக்கொண்டார். எழுந்தவர் தயங்கி நின்றார். “அந்த ஆளு வக்கீலு கேக்கல, ஜாமீன் கேக்கல, மேடம். ஒண்ணே ஒண்ணுதான் திரும்பத் திரும்பக் கேக்கறான். சீட்டு கொடுக்கறப்போ எம்பையன் உசுரோட இருந்தானா, இல்லையா? இப்ப நீங்க எழுதினத அவன்கிட்ட சொல்லிடறேன். அவனுக்கும் ஒரு நிம்மதி.”

அவர் போன பிறகு கஞ்சி உள்ளே இறங்கவில்லை. கொறடைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றோடு என் சாபங்கள் நின்றுவிட்டன. மனம் மாறியதால் அல்ல. ஜெபிக்க வாயெடுத்தால் அந்த ஒரு வாக்கியம் முன்னால் வந்து நின்றது.

கம்பி அவிழ்த்தபின் வகுப்புக்குத் திரும்பினேன். எல்லாரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். நான் நன்றி சொல்ல மேடையேறினேன். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் தொண்டை அடைத்தது. தாடை வலியல்ல. சொற்கள் தெரிந்தன, வெளியே வரவில்லை. வியர்த்துக் கொட்டியது. கபடிப் பயிற்சியாளர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அடுத்த வாரமும், அடுத்தடுத்த மாதங்களிலும் அப்படியே. மருத்துவமனையிலும் அப்படியே. உறவினர் கூட்டத்தின் முன் போய் நின்றால் நான் ஊமை.

கண்காணிப்பாளர் பதவிக்குக் கையெழுத்தாக இரண்டு மாதமே இருந்தது. படிப்பின் இறுதித் தேர்வும் அப்போதுதான். தேர்வு மேடையில் அல்ல. ‘உங்கள் பேச்சால் உங்களுக்கு இழப்பு நேரக்கூடிய ஓர் அவையில், எட்டு நிமிடம் பேசி, அதைச் சாட்சியோடு பதிவு செய்து தர வேண்டும்.’ இதுதான் வினாத்தாள்.

நான் பேராசிரியையிடம் போய், படிப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். “எனக்குப் பேச்சு வரவில்லை, மேடம்.”

அவர் தமிழில் சொன்னார், மைசூர்த் தெருவின் தமிழில்: “வரும்மா. நீங்க யார்கிட்ட பேசணுமோ அவங்களைத் தவிர எல்லார்கிட்டயும் பேசப் பாக்கறீங்க. அதான் தொண்டை ஒத்துக்க மாட்டேங்குது.”

அவருக்கு எதுவும் தெரியாது. நான் அவரிடம் எதுவும் சொன்னதில்லை. ஆனாலும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது.

அன்று முதல் என் ஜெபம் மாறியது. அலங்காரம் ஒன்றுமில்லை. வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, “ஆண்டவரே, எனக்கு ஒரு வார்த்தை தாரும்” என்று மட்டும் கேட்டேன். நாற்பது நாள் கேட்டேன். பதில் இல்லை.

பதில் ஆடி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, கற்களோடு வந்தது.

ஊரார் எடுத்த ஜாமீனில் மாதையன் வெளியே வந்திருந்தார். ஆய்வாளர் சொன்ன ‘நிம்மதி’ அவருக்கு வரவில்லை. அவர் சீட்டோடு ஓடிய மறுநிமிடமே பிள்ளையின் முகத்தை மூடியதைத் தூரத்திலிருந்து பார்த்ததாக அவருடைய தங்கை மகன் ஒருவன் சொல்லியிருந்தான். இரண்டு டெம்போவில் ஐம்பது பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. “உசுரோட இருந்தானா இல்லையா? சொல்லு! சொல்லு!” என்று கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். முதல் கல் வரவேற்பறைக் கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் புருவத்தைக் கிழித்தது. நான்கு போலீஸார் லத்தியைச் சுழற்றினார்கள். ஒரு கிழவர் மண்டை பிளந்து சேற்றில் விழுந்தார். அதைக் கண்டதும் கூட்டத்தின் ஓசையே மாறிவிட்டது. அதுவரை அது கேள்வி. அதன்பின் அது உறுமல். பெட்ரோல் என்று யாரோ கத்தினார்கள். உள்ளே எழுபது நோயாளிகள் படுத்திருந்தார்கள்.

மேலாளர் என் கையில் ஒரு தாளைத் திணித்தார். அனுதாபம், அமைதி, விசாரணை, ஒத்துழைப்பு என்று அச்சிட்ட வரிகள். “நீங்கதானே இதுக்குப் படிச்சிருக்கீங்க, மேடம். பேசுங்க. உங்களைப் பாத்தா அடங்குவாங்க. அடிபட்டவங்க நீங்க.”

ஷைலா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “போகாதீங்க மேடம். இந்த தடவ கொன்னே போட்ருவாங்க.”

“ஆண்டவரே, வார்த்தை” என்றேன். படியிறங்கினேன்.

நான் எதிர்பார்த்தது என்ன தெரியுமா? என் நாவில் நெருப்பு இறங்கும் என்று. ஐம்பது பேரும் ஆயுதத்தைக் கீழே போடும்படியான ஓர் உரை ஊற்றெடுக்கும் என்று. சபையாரே, நடந்தது நேர்மாறு. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. விருத்தம் போயிற்று. உவமை போயிற்று. வகுப்பில் கற்ற தொடக்கம், நிறுத்தம், கைவீச்சு எல்லாம் போயின. கையிலிருந்த தாள் மழையில் நைந்தது. யாரோ என் கழுத்துக் கொறடை எடுத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக நறுக்குவதுபோல் இருந்தது. கேட்டருகே போய் நின்றபோது என்னிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது.

கம்பிகளுக்கு அப்பால் மாதையன். என்னைக் கண்டதும் அவர் உலுக்குவதை நிறுத்தினார்.

“இல்லை” என்றேன்.

அவர் கைகள் கம்பிகளை விட்டன.

“உசுரோட இல்லைங்க. சீட்டு எழுதறப்போ போயிட்டான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்களை அனுப்பினேன். போலீஸ்ல எழுதிக் கொடுத்தது பொய்.”

எங்கிருந்தோ ஒரு கல் வந்து என் தோளில் பட்டது. அடியின் வேகத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். “அவளே ஒத்துக்கிட்டா, வெட்டுங்கடா!” என்றான் ஒருவன். இளைஞன் ஒருவன் கேட்டின் மேலேறி உள்ளே குதித்தான். அவன் கையில் கரும்பு வெட்டும் அரிவாள். போலீஸார் ஐந்து கஜம் தள்ளி நின்றார்கள். நான் கண்ணை மூடவில்லை. மூட வேண்டும் என்றே தோன்றவில்லை. அவ்வளவு மாதங்களில் முதன்முறையாக என் தொண்டை திறந்திருந்தது.

“டேய் குமாரு! நில்லுடா!”

மாதையன் கேட்டின் சிறு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். குமாரு அவருடைய தங்கை மகன். அரிவாளை அவன் கையோடு சேர்த்துப் பிடித்து முறுக்கினார். அவர் உள்ளங்கை கிழிந்து இரத்தம் சொட்டியது. அந்தக் கையோடு என் முன்னால் வந்தார். கை உயர்ந்தது. என் தாடை தானாக நடுங்கியது.

அவர் அடிக்கவில்லை. பேசினார். அந்தப் பேச்சை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“அன்னைக்கே இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமுங்களே, அம்மணி. எம்பட பையன் ஒடம்பு சூடு ஆறங்குள்ள அவன் கையப் புடிச்சிருப்பேன். நீங்க என்னைய மைசூரு பூரா ஓட உட்டுட்டீங்களே. நான் வந்து தொட்டப்போ சில்லுன்னு இருந்தானுங்களே.”

சொல்லிவிட்டு அந்த மனிதர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தோம். மழை பெய்தது. அவர் குரலெடுத்து அழுதார். மகன் செத்த நாளில் அழ விடாமல் அவரை நான் ஓட விட்டேன். காவலர்கள் அடித்து இழுத்துப் போனார்கள். அந்த அழுகை அத்தனை மாதமும் அவருக்குள் கட்டிக் கிடந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பாராமலே கூட்டத்திடம் சொன்னார்: “கல்லக் கீழ போடுங்கடா. இத்தன பெரிய ஆஸ்பத்திரில பதில் சொன்னது இந்தப் பொம்பள ஒருத்திதான்.”

ஒவ்வொரு கல்லாகத் தரையில் விழும் ஓசை கேட்டது. முறுக்கியதில் பிசகிய குமாருவின் கையை ஷைலாதான் கட்டினாள். மாதையனின் உள்ளங்கையை நான் தைத்தேன். ஏழு தையல்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று மாலையே ஆய்வாளரிடம் போய் என் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “இது உங்களையே கட்டுமே, மேடம்” என்றார். கட்டியது. விசாரணை நடந்தது. கண்காணிப்பாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. நான் விருப்ப ஓய்வு என்ற பெயரில் அனுப்பப்பட்டேன். மாதையன்மீதான வழக்கு இன்னும் முடியவில்லை. குற்றம் என் பக்கமும் உண்டு என்று நீதிமன்றத்திலும் சொல்லியிருக்கிறேன்.

சான்றிதழ்? பேராசிரியையிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். காவலாளி தன் கைப்பேசியில் எடுத்த காட்சியைப் பார்த்தார். மறுபடியும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். “எட்டு நிமிஷம் கேட்டிருந்தேன்” என்றார். “எட்டு நொடிதாம்மா இருக்கு.” விதி விதிதான். தேர்ச்சிக்குரிய மிகக் குறைந்த மதிப்பெண்ணை எனக்குப் போட்டார். அந்த ஆண்டு வகுப்பிலேயே கடைசி நான். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். என் கணவர் விருந்தாளிகளிடம், “கம்மியாப் பேசினதுக்கு ஊரே சேந்து குடுத்த அவார்டு” என்பார்.

இப்போது வாரம் ஒரு நாள், எங்கள் சபையின் பின்கூடத்தில், அவசரப் பிரிவுகளில் பணிபுரிகிறவர்கள் சிலர் கூடுகிறோம். மரணத்தை எப்படிச் சொல்வது என்று பயில்கிறோம். உட்கார வைத்துச் சொல்லுங்கள். ‘போய்விட்டார்’ என்ற சொல்லை விழுங்காமல் சொல்லுங்கள். மருத்துவர் தாமதித்தால் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள். உடல் சூடாக இருக்கும்போதே கையைத் தொட விடுங்கள். அவ்வளவுதான் பாடம். சீட்டு எழுதும் வழக்கத்தை மூன்று மருத்துவமனைகளில் விட்டுவிட்டார்கள் என்று அறிகிறேன். மற்றவற்றிலும் விடவேண்டும் என்று உங்கள் ஜெபத்தில் கேளுங்கள்.

மாதையன் என்னை மன்னித்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் கடந்த பங்குனியில் ஒரு நண்பகல் என் கைப்பேசி அடித்தது. பின்னால் மருத்துவமனை ஓசை.

“அம்மணி, நான் மாதையன் பேசறேனுங். எம்பட ஊட்டுக்காரிய சாமராஜநகருல சேத்தியிருக்குது. நெஞ்சு வலி. இங்க என்னமோ சீட்டு குடுத்து மருந்து வாங்கியாரச் சொல்றாங்க. நீங்க இவுங்ககிட்ட கேட்டுச் சொல்லுங். நீங்க சொன்னா நம்பறேன்.”

கைப்பேசியை அங்கிருந்த செவிலியிடம் கொடுக்கச் சொன்னேன். கேட்டேன். ஒருமுறைக்கு மூன்றுமுறை கேட்டேன். பிறகு அவரிடம் பேசினேன்.

“இருக்காங்க, மாதையன். நெசமாவே இருக்காங்க. சீட்டை வேற ஆள்கிட்ட குடுத்து அனுப்புங்க. நீங்க போய் அவங்க கையைப் பிடிச்சுக்கங்க.”

அவர் நடக்கும் ஓசையும் ஒரு கதவு திறக்கும் ஓசையும் கேட்டன. அப்புறம் குரல் வந்தது: “சூடா இருக்குதுங், அம்மணி.”

அன்பானவர்களே, நான் ஆண்டவரிடம் நாற்பது நாள் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் என்னிடமிருந்த ஆயிரம் வார்த்தைகளையும் எடுத்துக்கொண்டு, நான் மறைத்து வைத்திருந்த ஒன்றை மட்டும் என் கையில் திருப்பிக் கொடுத்தார். இன்றும் ஆராதனையில் வாயைத் திறந்து பாடும்போது என் இடது தாடை ‘டக்’ என்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பாடுவதை நிறுத்துவதில்லை. உங்களில் யாருக்காவது யாரிடமாவது சொல்ல வேண்டிய ஒரு சொல் தொண்டையில் சிக்கியிருந்தால், அழகாகச் சொல்லத் தெரியவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். கேளுங்கள். கொடுப்பார். கிடைத்ததும், எதிரில் இருப்பவரின் கை சூடாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.